அத்தைக்கு வைத்த மருந்து

அன்புள்ள அம்மாவுக்குப் பொன்னுத்தாய் வணங்கி எழுதுவது. ஸ்ரீரங்கத்தில் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நாமம் சொன்னாலே ரத்தக் கொதிப்பு இறங்கிவிடும் என்று அத்தை போன மாதம் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அதை எடுத்து வைத்து, தினமும் ஒன்றாகப் பொடித்து, அவர் குடிக்கும் துளசித் தீர்த்தத்தில் கலந்து வந்தேன். கொதிப்பு குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். "பாத்தியாடி, ரங்கநாதர் குடுத்த மருந்து!" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார்.

இன்று செம்பின் அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டார். "யாரோ எனக்கு மருந்து வச்சிட்டாங்க!" என்று அலறினார். செய்வினை என்று நினைத்துவிட்டார். சமைக்கும் வள்ளிக்கண்ணு அக்கா மேல்தான் சந்தேகம்.

"உப்பே போடக் கூடாதுங்கிற வீட்டுல நான் எதைம்மா போடுவேன்?" என்று அக்கா அழுதார். நாளை அவரை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களாம். சாயங்காலம் அத்தை என் பெட்டியையும் குடைந்தார்.

விடிந்ததும் நானே சொல்லிவிடுவேன். அப்புறம் என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். அப்பாவை உடனே அனுப்பு. தன் அண்ணன் கொடுத்தால் அத்தை மாத்திரையை விழுங்குவார். நீ காய்ச்சிய தலை எண்ணெயும் கொஞ்சம் கொடுத்து அனுப்பு.

அத்தை புரண்டு படுக்கிறார். விளக்கை அணைக்கிறேன்.

உன் மகள்,
பொன்னுத்தாய்