எழுமலைப் பெரியவரின் பெயர்

இன்று காலை என் வண்டியூர் வீட்டுக்கு அரசுக் கணக்கெடுப்புக்காக ஒரு பெண் வந்தாள். "முதியோர் பென்சன் பத்தி நாலு கேள்விம்மா" என்று அவள் சொன்னதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் இதே வேலையைத்தான் நாம் இருவரும் பார்த்தோம். முதியோர் உதவித்தொகை உரியவர் கைக்குப் போகிறதா, எதற்குச் செலவாகிறது என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தோம். கேள்வித்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாரென்பது வீடு வீடாகப் போன நமக்குத்தான் தெரியும்.

எழுமலையில் அந்தப் பெரியவர், "எனக்கு ஆருமில்ல தாயி" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, தூக்குச்சட்டியோடு ஒருவன் வந்து, "அய்யா, கஞ்சி கொண்டாந்திருக்கேன்" என்றான். பெரியவர் முகம் செத்துப்போயிற்று. மகன் இருப்பது தெரிந்தால் பணம் நின்றுவிடும்.

"அவனே கூலிக்குப் போறவன். எழுதிராத தாயி" என்று கும்பிட்டார்.

"எழுதத்தான் செய்வேன்யா. ஆனா உங்க பேரு வெளிய போகாது" என்றாய்.

எழுதாமல் விட்டால் என்னவென்று வழியெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். "பொய்ய எழுதுனா, கஞ்சி ஊத்துற மகனும் அரை வயித்தோடதான் இருக்கான்னு மேல எப்பிடிடி தெரியும்?" என்று கேட்டாய்.

சில வாரங்கள் கழித்து மேலதிகாரி நம்மைக் கூப்பிட்டார். மகன் உள்ளவர்களின் பெயர்கள் வேண்டுமாம், பணத்தை நிறுத்துவதற்கு.

"எம்புட்டுப் பேருன்னு சொல்றேன் சார். யாருன்னு சொல்லமாட்டேன். வாக்குக் குடுத்துத்தான் கேட்டோம்" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல சார்" என்றேன். உன் உதட்டோரம் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன்.

மாற்றல் உத்தரவு உனக்கு மட்டும் வந்தது, தர்மபுரிக்கு. சமயநல்லூரில் படுக்கையில் கிடந்த உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாய். பஸ்ஸில் அவரைத் தூக்கி உட்காரவைத்தபோது நான் அழுதேன். "அழுகாத. அந்த மனுசனுக்குப் பணம் வருதான்னு பாத்து எழுது" என்றாய்.

வந்தது. கடைசிவரை வந்தது. அறிக்கையில் அந்த மகன்களின் வறுமையும் ஒரு பத்தியாக இடம்பெற்றது. விதி ஒன்றும் உடனே மாறிவிடவில்லை.

அதன்பின் ஓய்வு பெறும்வரை எந்த வீட்டுப் படியேறினாலும், பெயர் வெளியே போகாது என்று சொல்லிவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்டேன். அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று தெரிந்தே சொன்னேன்.