பளபளப்பாகிப் போன துப்பாக்கி

அன்புள்ள மார்லீனுக்கு,

இங்கு நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மொன்டானாவில் பனி கொட்டுகிறதாமே, கூரையில் நீ ஏறாதே.

எண்ணெய்க் கிணற்றில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. முகாமில் இருப்புக் கொள்ளாமல் டல்சா துப்பாக்கிக் கண்காட்சிக்குக் கிளம்பிவிட்டேன். உன் அப்பா கொடுத்த பழைய வின்செஸ்டர் துப்பாக்கியையும் கொண்டுபோனேன். விற்க அல்ல, என்னைப் போன்ற சேகரிப்புப் பைத்தியங்களிடம் காட்டத்தான்.

பழைய வின்செஸ்டர்களாகவே மேசையில் பரப்பியிருந்த வர்ஜில் என்ற கிழவர் அதை வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"நூறு வருஷப் பழுப்பு ஏறியிருந்திருக்குமே, அதுக்குத்தானே மதிப்பே! எந்த மடையன் இதைச் சுரண்டினான்?"

"நான்தான்."

"சேகரிக்கிறவன்னு சொல்ற, நேத்து வந்தவன்கூட இதைச் செய்ய மாட்டானே தம்பி!"

"ஞாயித்துக்கிழமையானா பொழுது போகல. கை சும்மா இருக்க மாட்டேங்குது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் கிடந்துது..."

அவர் துப்பாக்கியைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல என் கையில் வைத்தார்.

"பொண்டாட்டி இருக்காளா?"

"இருக்கா. மொன்டானாவுல."

"அப்ப ஊருக்குப் போய்த் தொலையேன்யா."

அதன்பின் அந்த மண்டபத்தை மூன்று முறை சுற்றினேன், எதுவும் வாங்கவில்லை. உன் அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, நேரில் வந்து நானே திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சீட்டுக்கட்டும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. சமையலறை ரேடியோ இல்லாமல் உன்னால் சமாளிக்க முடிந்தால் அதையும் அனுப்பு. வேலைக்கான வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. கம்பி நாரைத் தூக்கி எறிந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஊர் வர இன்னும் ஆறு ஞாயிறு இருக்கிறது.

உன்,
டெல்பர்ட்