உன் பெயரில் ஒரு சுவர்

அழைப்பிதழைப் பிரித்ததும் சந்தன வாசனை வந்தது. கல்யாணம் என்று நினைத்தேன். அதிராம்பட்டினத்துக்கு எதிரே இருக்கும் மணல்திட்டுத் தீவைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டப்போகிறார்களாம். அடிக்கல் நாட்டு விழா. சுவருக்கு உன் பெயர். நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இனி மறுத்துப் பேசமாட்டாய் என்பது உறுதியானதும் மரியாதை செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

பாபநாசத்து வயல்காரனான என்னை, கடல் வற்றிய ஒரு காலையில் அங்கே நடத்தியே கூட்டிப்போனாய். முழங்கால் தண்ணீர், அடியில் சேறு. திட்டின் கரைப்பக்கம் அலையாத்திச் செடிகள், நடுவே உப்புப் பூத்த களர், கடல்பக்கம் மணல். வாடைக்காற்றில் அந்த மணல் தெற்கே ஒதுங்கும், சோளகக்காற்றில் வடக்கே திரும்பிவிடும் என்றாய். ஒரு இடத்தில் நிற்காத நிலமும் உண்டா என்று கேட்டேன்.

“உங்க ஊர்ல வரப்பே ராத்திரியோட ராத்திரியா நகருது. இது கடல், மாப்ளே.”

அளக்க வந்தவர்கள் வாடைக் காலத்தில் வந்தார்கள். தெற்கு முனையில் எல்லைக்கல் நட்டார்கள். “சார், சோளகத்துல ஒரு தடவ வந்து பாத்துட்டு நடுங்க,” என்றாய்.

“நீங்க வலைக் கடைய பாருங்க பாய். கல்ல நாங்க பாத்துக்கறோம்,” என்றார் பொறியாளர்.

சோளகம் வந்தது. கல் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. தப்பான இடத்தில் நட்டுவிட்டோம் என்று எழுதும் வழக்கம் ஆபீஸ்களில் இல்லை. தீவு அரிக்கப்படுகிறது என்று எழுதினார்கள். அரிப்பைத் தடுக்கச் சுவர். சுவர் வந்தால் மணல் போக வழியில்லாமல் படகுத்தடத்தில் விழும், நாட்டுப்படகெல்லாம் தரைதட்டும் என்று நீ ஆபீஸ் வாசல்படியெல்லாம் ஏறி இறங்கினாய். எல்லா இடத்திலும் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள்.

அழைப்பிதழை உன் மனைவியிடம் காட்டினேன். “செவுத்த நம்மால நிறுத்த முடியல. உங்க கூட்டாளி பேரயாவது அங்கேருந்து எடுத்துட்டு வந்துருங்கண்ணே,” என்றார்.

அந்த ஆபீசுக்குப் போனேன். “அந்தத் தீவு மேல உசுரையே வச்சிருந்தாரு சார். அதான்…” என்ற பொறியாளருக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

“உசுரோட இருந்தப்ப இந்தச் சுவரு வேணாம்னுதானய்யா உங்க வாசல்ல வந்து நின்னான்!” என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

கொஞ்சம் யோசித்தார். “சரிங்க, பேர எடுத்துடலாம். வேலை அது பாட்டுக்கு நடக்கும்.”

பெருந்தன்மையான மனிதர்.

பெயரை உன் வீட்டில் ஒப்படைத்துவிட்டேன். கோபம் என்னிடம்தான் இருக்கிறது. அதை ஒப்படைக்கவேண்டிய வாசல்கள் வேறு, நீ ஏறி இறங்கியவை. நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்புகிறேன்.