நானூற்றுப் பன்னிரண்டு மார்க்

சங்கரன்கோவில்
திங்கள் இரவு, ஜூன் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் பாஸ். ஐந்நூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்களிடம் நான் பெயில் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு நான்கு விசைத்தறி இருக்கிறதாம். அவர் பத்தாவதை மூன்று தடவை எழுதியும் தேறவில்லையாம்.

"ஏட்டி, பாஸுன்னு தெரிஞ்சா அவன் வருவானா? வாயப் பொத்திக்கிட்டு இரு. மார்க்க அள்ளிப் போட்டா கொழம்பு கொதிச்சிருமா?" என்கிறாள். அப்பா சிரிக்கிறார்.

நான் மேலே படித்து டீச்சராக வேண்டும். அதனால் காபியைக் கொடுத்த கையோடு, அவர்கள் முன்னால் மார்க்கைச் சத்தமாகச் சொல்லப் போகிறேன். அப்பா அடிப்பார். இருந்தாலும் சொல்வேன்.

உன்னை நினைத்துத்தான் யோசிக்கிறேன். உன் கல்யாணத்துக்கும் இதே பொய்யைத்தான் சொன்னார்கள். அத்தானுக்கு இன்றுவரை தெரியாது. என் சேதி அங்கே கரிவலம்வந்தநல்லூருக்கு எட்டியதும், "அப்ப நீயும் பாஸா?" என்று உன்னைக் கேட்பார்.

ஆமாம் என்று சொல், அக்கா.

உன் பிரியமுள்ள
தங்கச்சி