ஏழாவது போத்தல்

லாசால், மொன்றியல்
28.08.2006

அன்புள்ள மகள் ஜொய்சிக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த வடக்குக் காட்டு ஆராய்ச்சி முகாமில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடியின்றி இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, அண்ணா றஜிந்தனுக்கு சென்ட் லோரன்ட் பகுதியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அவனுக்கு இனிப் பெண் பார்க்க வேண்டும் என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டா.

பிள்ளை, நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நான் பல்கனியில் வாளி வைத்துப் பிடித்து, திங்கட்கிழமைதோறும் பஸ்ஸில் போட்டுவிட்ட பன்னிரண்டு போத்தல் மழைத்தண்ணீரில் பதினொன்றில் அமிலம் இருக்கிறது, ஏழாவதில் மட்டும் இல்லை என்றாய். "அப்பா, இது குழாய்த் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்று கேட்டாய். நானும் கூசாமல், "இல்லைப் பிள்ளை, மழைத் தண்ணிதான்" என்றேன். அது பொய். அந்தக் கிழமை அம்மா, தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும் என்று ஊர்ப் பழக்கத்தில் வாளியைக் கவிழ்த்துவிட்டா. நீ அவவை ஏசுவாய் என்று பயந்து குசினிக் குழாயில் பிடித்து அனுப்பினேன். தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தேன், மடையன்.

பதினாறு வருடமாக அந்தக் குழாயில் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. நீ எங்கேயோ காட்டுக்குள் இருந்துகொண்டு எங்கள் குசினியைக் கண்டுபிடித்துவிட்டாய். வெட்கமாகவும் இருக்கிறது, நெஞ்சு நிமிரவும் செய்கிறது. இன்று துறைமுகத்தில் என்னோடு வேலை செய்கிற கிறகரி அண்ணையிடம் முதலில் என் பொய்யைச் சொன்னேன், பிறகு அரை மணித்தியாலம் உன் கதைதான். நகரத்துப் புகை மேகத்தோடு போய் மழையோடும் பனியோடும் விழுந்து, மண்ணின் சத்தைக் கரைத்து, ஊசியிலை மரங்களை மஞ்சளாக்குகிறது என்று நீ சொல்லித் தந்ததை நானே படித்தவன் மாதிரி விளக்கினேன். லொறிக்காரர்கள்கூட நின்று கேட்டார்கள். "உன்ர பிள்ளையே இதெல்லாம் பாக்கிறது?" என்று அண்ணை கேட்டார். "ஓம், என்ர பிள்ளைதான்" என்றேன்.

ஆனால் என் சொல்லை நம்பி, அளக்கிற மெசின்தான் பிழை என்று வருகிற வெள்ளிக்கிழமை உன் பேராசிரியரிடம் சொல்லி, இந்தக் கோடை முழுவதும் மழையிலும் மரத்தடி மண்ணிலும் அளந்ததையெல்லாம் விட்டுவிடப் போகிறேன் என்றாயே, அதுதான் என்னைச் சுடுகிறது. இரண்டு தரம் மெசினைக் கழற்றிப் பூட்டினாயாம். மெசினைச் சந்தேகப்பட்டாய், உன்னையே சந்தேகப்பட்டாய், அப்பனை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒன்றையும் விடாதே மகள். அந்த ஒரு கிழமையை மட்டும் கணக்கிலிருந்து வெட்டு.

உனக்கு அடுத்த ஞாயிறுதான் போன் கிடைக்கும் என்பதால் இதை இன்றைய பஸ்ஸிலேயே போடுகிறேன். குளிருக்கு முதல் தடித்த காலுறை வாங்கு, காட்டுக்குள் தனியப் போகாதே. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் ஆசீர்வதிக்கட்டும். ஏழாவது போத்தலை வெட்டும்போது பக்கத்தில் காரணத்தையும் எழுது, எனக்காகப் பார்த்து மறைக்காதே: மெசின் சரி, அப்பா சொன்னது பொய்.

இப்படிக்கு,
அன்பு அப்பா
வின்சன்ட்