ஐந்துக்கு இரண்டு

ஜூன் 9, திங்கள்
வெளிநாட்டு மேலாளர் கேத்ரின் இன்று கணினித் திரையில் வந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டார்: “உன் வேலைக்கு நீயே ஐந்துக்கு எத்தனை போடுவாய்?”

இரண்டு என்றேன். தன் வாயால் ஐந்து என்று யாராவது சொல்லிக்கொள்வார்களா? விருந்தில் இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் போதும் என்போம், பரிமாறுகிறவர் விடமாட்டார். அப்படித்தான் நினைத்தேன். ‘ஏன் குறைத்துச் சொல்கிறாய்’ என்பார் என்று சிரித்தபடி காத்திருந்தேன்.

“நேர்மைக்கு நன்றி” என்று குறித்துக்கொண்டார்.

ஜூன் 11, புதன்
எங்கள் செஞ்சி அலுவலகத்தில் ஒருவரைக் குறைக்கப் போகிறார்களாம். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற எங்களில், குறைந்த மதிப்பெண் இரண்டு பேருக்குத்தான். எனக்கும் பூங்குழலி அக்காவுக்கும். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவளே அக்காதான்!

“நீ இன்னாத்துக்குடி ரெண்டுன்ன?”

“நீ இன்னாத்துக்குக்கா சொன்ன?”

சிரித்தோம். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த புதன்கிழமை கேத்ரின் எங்கள் இருவரிடமும் மறுபடி பேசுவாராம்.

ஜூன் 12, வியாழன்
சோறு இறங்கவில்லை.

ஜூன் 14, சனி
வேலை போகும் என்பது ஒரு பயம். அந்த இரண்டு உண்மையாக இருக்குமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

கல்யாணமாகி வீட்டில் இருந்த வருடங்களில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வேலைக்குப் போன பிறகுதான் மாமியார் தன் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டி, “இன்னான்னு பாரும்மா” என்கிறார். வேலை போனால் அந்தச் சீட்டு வேறு யாரிடமோ போய்விடும்.

நான் உருப்படியானவளா என்பதை எப்போதும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். கேத்ரின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் ஊரில் தன்னைத் தானே மெச்சிக்கொண்டுதான் தைரியம் வரவழைத்துக்கொள்வார்களோ? அது எப்படி முடிகிறது?

ஜூன் 15, ஞாயிறு
மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அடுப்படியில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்: “நான் நன்றாக வேலை செய்கிறேன்.” உடனே சிலுவை போட்டுக்கொண்டேன், என்னவோ பாவம் பண்ணியது மாதிரி.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “யார்கிட்ட பேசிக்கினு இருக்கற?”

“யார்கிட்டயும் இல்ல.”

“வேல போனா போவட்டும், வுடு. அதுக்கு ஏன் டென்ஷன்?”

ஆறுதல் சொல்கிறாராம்! பற்றிக்கொண்டு வந்தது. நீ கெட்டிக்காரி, உன்னை அனுப்ப மாட்டாங்க — இப்படி ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?

ஜூன் 17, செவ்வாய்
நாளைக்கு.

“ரெண்டு பேருமே நாலுன்னு சொல்லிடலாம்க்கா” என்றேன்.

“என் வாயால எப்படிடி சொல்லுவேன்? கண்ணு பட்டுடும். நீ சொல்லு, சின்னப் பொண்ணு.”

பயமா இருக்கு. மாதாவே, ரொம்ப பயமா இருக்கு.

ஜூன் 18, புதன்
சொல்லிவிட்டேன். நாலு. தவறு குறைவாக வரும், இருதய நோய்ப் பதிவுகள் எனக்கு நன்றாகப் பழக்கம் என்றெல்லாம் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னேன். கேத்ரின் மறுக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. எழுதிக்கொண்டார்.

அடுத்து அக்கா போனாள். வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“நாக்கு எழலடி. ரெண்டே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.”

ஜூன் 20, வெள்ளி
முடிவு வரவில்லை. போன் அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது.

ஜூன் 25, புதன், அமாவாசை
மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்களால் சாலை முழுக்க நெரிசல். அலுவலகம் போகவே தாமதமாகிவிட்டது.

நேற்று முடிவு வந்தது. நான் இருக்கிறேன். அக்கா இல்லை.

மலையனூர் போகிற வழியில் அக்கா இன்று அலுவலகத்துக்கு வந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். எழுந்து நின்றேன். அவளே என் தோளில் கை வைத்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும்டி, நீ கெட்டிக்காரின்னு.”

இத்தனை நாள் யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். “அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா” என்றேன்.

அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. தன்னைப் பற்றிச் சொல்லத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. அவளைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவள் என்று கேத்ரினிடம் ஒரு வார்த்தை. அன்று என் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் பெயரையே நான் எடுக்கவில்லை.