சட்டையின் மேல் விழுந்த பழி

மகளே,

தேநீருக்குப் பழைய கடற்பனியை உருக்காதே, இங்கே வந்து என்னோடு இருந்து குழாய்த் தண்ணீர் குடி என்று எழுதியிருக்கிறாய். அதில் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நம் வடதுருவக் கடற்பனியை ஆராயத் தெற்கே நகரத்திலிருந்து வந்த பெண், நான் வெட்டிக் கொடுத்த பனிக்கட்டியில் சிவப்பு பிளாஸ்டிக் இழைகளைக் கண்டாள். நீ ஒட்டாவாவிலிருந்து அனுப்பிய சிவப்புச் சட்டையை அன்று போட்டிருந்தேன்.

"உங்க சட்டையில இருந்து உதிர்ந்ததும்மா. இந்தக் கட்டி ஆய்வுக்கு ஆகாது" என்றாள்.

பக்கத்து வீட்டு சிமியோனி விடுவானா? "கடலையே அழுக்காக்கிட்டியே அக்கா!" என்று கடை வாசலில் வைத்துச் சிரித்தான்.

எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் தலை முதல் கால் வரை கடல்நாய்த் தோல் உடுத்தி, அவளையும் இழுத்துப்போய், அதே பனியை ஓர் ஆள் ஆழம் துளைத்தேன். உருக்கி வடிகட்டிப் பார்த்தாள். சிவப்போடு நீலமும் பச்சையும் இருந்தன.

"கடல்நாய்க்கு எப்பம்மா நீல முடி முளைச்சுது?" என்று கேட்டேன்.

பிறகு அவளே விளக்கினாள். உறையும்போது கடல் உப்பைக் கீழே கசியவிட்டுவிடுமாம், இழைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அவையோ நீரோட்டத்தில் வருஷக்கணக்காக மிதந்து தெற்கேயிருந்து வருகிறவையாம்.

உன் சட்டை மேல் குற்றமில்லை. இப்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் அங்கே வந்து குடியேறுவேன் என்று நினைக்காதே. உன் குழாய்த் தண்ணீரை நீயே குடி.

உங்கள் ஊர் நூலே கால் இல்லாமல் என் கெட்டில்வரை வந்துவிட்டது. ஆறு வருஷமாக உனக்கு மட்டும் வழி தெரியவில்லையா?

இங்கேயே இருக்கும்
உன் அம்மா